பச்சைக் குழந்தைக்கு வலிக்காதா?

புதன்கிழமை காலையில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். அன்று தடுப்பூசி நாள். மர நிழலில் தாய்மார்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அப்பத்தாவின் மடியில் ஆறு வாரக் குழந்தை ஒன்று கண்ணை உருட்டி விழித்துக் கொண்டிருக்கும். செவிலியர் அதன் தொடையில் ஊசியைச் செலுத்துகிறார். ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு புருவம் நெரிகிறது, முகம் சிவக்கிறது, வாய் சதுரமாகத் திறக்கிறது. அடுத்து எழும் அலறல் சாலை வரை கேட்கும்.

இந்தக் குழந்தைக்கு வலித்ததா என்று அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டவரைத்தான் அவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்! ஆனால் இதே கேள்வியை 1980-ஆம் ஆண்டில் உலகின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் பணியாற்றிய நிபுணர்கள் பலரிடம் கேட்டிருந்தால், ‘வலிக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை’ என்ற பதில்தான் கிடைத்திருக்கும். வெறும் பதிலோடு அது நிற்கவில்லை. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தின்றி மார்பைத் திறந்து அறுவை செய்யும் வழக்கமும் அந்தப் பதிலோடு சேர்ந்தே இருந்தது. படிக்காத ஒரு பாட்டிக்குத் தெரிந்தது படித்த மருத்துவர்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அவர்கள் கொடியவர்கள் அல்லர். இது அறிவியல் வரலாற்றில் நடந்த ஒரு விந்தையான தடுமாற்றம்.

அறுவை சிகிச்சையின் வலியை மனிதன் வென்றது 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்கு முகரச் செய்தார். கழுத்திலிருந்த கட்டி அகற்றப்பட்டது. அப்போது கப்பல்கள் மெதுவாகச் சென்ற காலம். ஆயினும் அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈதர் வந்துவிட்டது! 1847 நவம்பரில் எடின்பரோவின் சிம்ப்சன் குளோரோபார்மை அறிமுகம் செய்தார். அதன் மணம் இனிமையானது, வேலையும் விரைவாகச் செய்தது. இனி வலியென்பதே இல்லை என்று உலகம் மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சி மூன்று மாதம் கூட நீடிக்கவில்லை. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற சிறுமிக்குக் கால்விரல் நகம் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. வயது 15. குளோரோபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்து போனாள். குளோரோபார்மால் நேர்ந்த முதல் மரணமாக வரலாற்றில் பதிவாகியிருப்பது இதுதான். பலியானவள் ஒரு சிறுமி என்பதை நினைவில் வையுங்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்க மருத்துவர்கள் அஞ்சியதற்கு உண்மையான காரணம் இருந்தது. சின்னஞ்சிறு நுரையீரல், மெல்லிய மூச்சுக்குழல், சில நூறு மில்லி லிட்டர் இரத்தம். அளவு சிறிது கூடினாலும் உயிர் போய்விடும்.

(இங்கே ஒரு கிளைக்கதை. குளோரோபார்ம் கொல்வது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா என்ற விவாதத்தைத் தீர்க்க, நிஜாமின் செலவில் ஐதராபாத்தில் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்று அவை முடிவு கூறின. அந்த முடிவு தவறு என்பது 1911-இல் லண்டனில் லெவி என்பவர் பூனைகளில் செய்த சோதனையால் தெரிந்தது. நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்தும் தவறான முடிவுக்கு வரலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள உதாரணம் இது.)

அச்சம் இருந்தது, அதற்கொரு நியாயமும் தேவைப்பட்டது. ‘ஆபத்தான மருந்தைத் தவிர்க்கிறோம், குழந்தை வலியைத் தாங்கிக் கொள்ளட்டும்’ என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் மனம் வராது. ‘குழந்தைக்கு வலியே தெரியாது’ என்றால் மனச்சாட்சி உறுத்தாது. அந்த நியாயத்தை நரம்பியல் கொடுத்தது.

மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பது போல, நம் நரம்பு இழைகள் பலவற்றின் மேல் மையலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. இந்த உறை உள்ள இழையில் செய்தி வேகமாகச் செல்லும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிளெக்சிக் என்ற அறிஞர், பிறந்த குழந்தையின் மூளையில் இந்த உறை முற்றுப் பெறவில்லை என்றும், பிறந்த பிறகே பகுதி பகுதியாக உருவாகிறது என்றும் காட்டினார். உறையில்லாத கம்பி வேலை செய்யுமா? ஆகவே குழந்தையின் மூளைக்கு வலி சென்று சேராது என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். 1941-இல் அமெரிக்காவில் மிர்ட்டில் மக்ரா என்ற உளவியல் அறிஞர் 75 குழந்தைகளை ஊசிமுனையால் குத்தி, அவர்களுடைய அசைவுகளைப் பிறந்த நாள் முதல் பல வயது வரை பதிவு செய்தார். பிறந்த சில நாட்களில் சில குழந்தைகள் அவ்வளவாக அசையவில்லை. அசைந்தவையும் மூளைப் புறணியின் பங்கில்லாத அனிச்சைச் செயலே என்று கருதப்பட்டது. பாடநூல்களுக்கு அது போதுமாக இருந்தது.

இந்த வாதத்தில் உள்ள ஓட்டையைக் காண்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் அல்லவா?

நிலைப்படியில் கால் கட்டைவிரலை இடித்துக் கொண்ட அனுபவம் உங்களுக்கு இருக்கும். முதலில் ‘சுரீர்’ என்று ஒரு வலி. அது அடங்குவதற்குள் எரிச்சலோடு கூடிய இரண்டாவது வலி மெதுவாக வந்து, நெடுநேரம் தங்குகிறது. இந்த இரண்டும் இரு வேறு இழைகளின் வழியே வருகின்றன. முதல் வலியைக் கொண்டு வருபவை மெல்லிய உறையுள்ள இழைகள்; வேகம் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர். இரண்டாவதைக் கொண்டு வருபவை உறையே இல்லாத இழைகள். வேகம் வினாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான். கவனித்தீர்களா? வளர்ந்த மனிதனிடமே வலியின் பெரும்பகுதி உறையில்லாத இழைகளில்தான் பயணம் செய்கிறது! உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், அவ்வளவே. போகாமல் நின்று விடாது.

அந்த மெதுவும் குழந்தையிடம் பெரிதல்ல. உங்கள் குதிகாலிலிருந்து தண்டுவடத்துக்கு ஏறக்குறைய 1 மீட்டர் தூரம். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செய்தி போய்ச் சேர ஒரு வினாடி ஆகும். பிறந்த குழந்தையின் மொத்த நீளமே 50 சென்டி மீட்டர். குதிகாலிலிருந்து தண்டுவடம் 25 சென்டி மீட்டருக்குள் இருக்கும். கால் வினாடியில் செய்தி சேர்ந்துவிடும். குழந்தையின் இழை பெரியவருடையதை விட மெதுவானது என்றே வைத்துக் கொள்ளுங்கள். பாதை குறுகியதாக இருப்பதால் கணக்கு ஈடாகிவிடுகிறது. இத்தனை எளிய கணக்கை யாரும் போட்டுப் பார்க்காமல் பல தலைமுறைகள் கழிந்தன என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

இன்னொரு தடையும் இருந்தது. வெப்பத்துக்கு வெப்பமானி உண்டு, அழுத்தத்துக்கு அழுத்தமானி உண்டு. வலிக்கு? 1940-இல் நியூயார்க்கில் ஹார்டி, உல்ஃப், குடெல் என்ற மூவர் ஒரு வலிமானியைச் செய்தார்கள். விளக்கொளியை வில்லையின் மூலம் கருப்பு மை பூசிய நெற்றியில் குவித்து, வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். வலி தொடங்கும் வெப்பத்தைக் குறித்துக் கொண்டு, ‘டால்’ என்ற அலகில் வலியை அளந்தார்கள். கருவி என்னவோ அழகானதுதான். ஆனால் ‘இப்போது வலிக்கிறது’ என்று நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டும். பேசத் தெரியாத குழந்தையிடம் அது பயன்படாது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவரின் வலி கணக்கில் ஏறவில்லை.

இதற்கிடையில் 1942-இல் ஒரு புதிய மருந்து அறுவைக் கூடத்துக்குள் வந்தது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் குராரி நஞ்சிலிருந்து எடுக்கப்பட்டது அது. தசைகளை முற்றிலும் தளரச் செய்துவிடும். நோயாளி விரலைக் கூட அசைக்க முடியாது. மூச்சையும் கருவிதான் விட வேண்டும். இது உணர்வையும் மழுங்கச் செய்யுமா என்ற ஐயத்தைத் தீர்க்க 1947-இல் அமெரிக்காவில் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் தம் உடலிலேயே அதை ஏற்றிக் கொண்டார். உடல் கல்லாகக் கிடந்தது. ஆனால் நடந்தது அத்தனையும் அவருக்குத் தெரிந்தது, கேட்டது, உறைத்தது. எழுந்த பின் ஒன்று விடாமல் சொன்னார்.

இந்தச் சோதனையின் பொருள் எல்லாருக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் 1950-இல் லிவர்ப்பூலில் ஜாக்சன் ரீஸ் வகுத்த முறையில் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டவை நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் தசைத் தளர்வு மருந்தும் மட்டுமே. இம்முறை பல குழந்தைகளின் உயிரைக் காத்தது, அதை மறுக்கக் கூடாது. பழைய ஈதரும் குளோரோபார்மும் கொடுத்த ஆபத்து இதில் மிகக் குறைவு. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு வலுக்குறைந்த மயக்கமூட்டி. சில இடங்களில் நாளடைவில் அதுவும் நின்று, தசைத் தளர்வு மருந்து மட்டும் மிஞ்சியது. அறுவை மேசையில் குழந்தை அசையாமல் கிடந்தது. அசையாத குழந்தைக்கு வலிக்கவில்லை என்று எண்ணிக் கொண்டார்கள்.

சற்றுப் பெரிய குழந்தைகளின் கதியும் நன்றாக இல்லை. 1977-இல் அமெரிக்கச் செவிலியர் ஜோன் ஈலண்ட், ஆண்டர்சன் என்பவருடன் சேர்ந்து மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அறுவை முடிந்த 25 குழந்தைகள். வயது 4 முதல் 8. மருத்துவமனையில் இருந்த காலம் முழுவதிலும் இவர்கள் அனைவருக்குமாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட வலி மருந்து 24 வேளை. 13 பேருக்கு ஒரு வேளை கூட இல்லை. இதே போன்ற நோயுள்ள 18 பெரியவர்களுக்கு 671 வேளை! இந்த ஆய்வில் புதிய கருவி ஏதுமில்லை. பதிவேட்டைப் புரட்டி எண்ணினார்; அவ்வளவுதான். பிள்ளைகள் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் வினவலாம். அந்தக் காலத்தில் வலிக்கு மருந்து கேட்டால் ஊசிதான் வரும். எந்தப் பிள்ளை ‘எனக்கு வலிக்கிறது, ஊசி போடுங்கள்’ என்று கேட்கும்? வாயை மூடிக் கொண்டு படுத்திருக்கும். அதைப் பார்த்து ‘சமர்த்துப் பிள்ளை’ என்பார்கள்.

இனி நம் கதையின் நாயகருக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று 1982-இல் ஆக்ஸ்போர்டு சென்ற இளம் மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த். குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவில் அவருக்கு வேலை. ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஓரளவு நன்றாக இருந்த குழந்தைகள் அறுவைக் கூடத்துக்குச் சென்று திரும்பும்போது வெளிறி, நாடித் துடிப்பு ஏறி, மூச்சுத் திணறி, மிக மோசமான நிலையில் வந்தார்கள். விசாரித்தபோது அறுவையின்போது அவர்களுக்கு வலியைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அது அக்கால வழக்கம்.

குழந்தை பேசாது, தசைத் தளர்வு மருந்தால் அழவும் முடியாது. ஆனால் இரத்தம் பேசுமே! ஆபத்து வந்தால் உடல் அட்ரினலின் போன்ற சுரப்பிகளின் நீரை இரத்தத்தில் கொட்டும், சர்க்கரை ஏறும். இவற்றை மிகச் சிறிதளவு இரத்தத்திலேயே அளக்க முடிந்தால் வலியின் தடயம் கிடைத்துவிடும். ஆனந்தும், சிப்பெல், ஐன்ஸ்லி-கிரீன் ஆகிய அவரது தோழர்களும் 16 குறைமாதக் குழந்தைகளை எடுத்துக் கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே அறுவை: இதயத்தை ஒட்டி, மூடாமல் இருக்கும் இரத்தக் குழாயைக் கட்டுதல். எல்லாருக்கும் வழக்கமான வாயுவும் தளர்வு மருந்தும். பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலிநீக்கி. 1987 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியாயிற்று. வலிநீக்கி பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் இந்தப் பொருள்கள் பன்மடங்கு ஏறியிருந்தன. அறுவைக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். ‘வலி மருந்து குழந்தையைக் கொல்லும்’ என்ற பழைய அச்சம் தலைகீழாயிற்று. கொடுக்காமல் விட்டதுதான் தீங்கு செய்தது.

மருந்து பெறாத எட்டுக் குழந்தைகளைப் பற்றி பிரிட்டனில் பெரும் கண்டனம் எழுந்தது. ஆராய்ச்சிக்காகக் குழந்தைகளைத் துன்புறுத்தினார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். யோசித்துப் பார்த்தால், அந்த எட்டுக் குழந்தைகளுக்கும் கிடைத்தது நாடெங்கும் அன்றாடம் கிடைத்து வந்த அதே சிகிச்சைதான். கண்டனம் செய்தவர்களின் கோபம் நியாயமானது. அது சென்று சேர்ந்த முகவரி சரியில்லை என்பதே என் கருத்து.

கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு தாயும் இதே கேள்வியைக் கேட்டுக் கொண்டிருந்தார். 1985-இல் ஜில் லாசன் என்பவரின் குறைமாதக் குழந்தைக்கு இதே அறுவை நடந்தது. ஐந்து வாரங்களில் குழந்தை இறந்தது. மருத்துவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்த தாய், தசைத் தளர்வு மருந்தைத் தவிர வேறெதுவும் கொடுக்கப்படவில்லை என்று கண்டு பதறினார். கடிதம் மேல் கடிதமாக எழுதினார். 1986-இல் செய்தி நாளிதழில் வந்தது. அடுத்த ஆண்டே, வயதைக் காரணம் காட்டிப் பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்தை மறுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவித்தது. 1992-இல் ஆனந்தும் ஹிக்கியும் வெளியிட்ட ஆய்வு மிச்சமிருந்த ஐயத்தையும் தீர்த்தது. இதய அறுவையில் ஆழ்ந்த வலிநீக்கம் பெற்ற 30 பச்சைக் குழந்தைகளில் ஒருவரும் இறக்கவில்லை. பழைய முறையில் மயக்கம் பெற்ற 15 பேரில் நால்வர் இறந்தார்கள்.

அதன் பிறகு கருவிகளும் துணைக்கு வந்தன. 2015-இல் ஆக்ஸ்போர்டில், உறங்கும் பச்சைக் குழந்தைகளைக் காந்தப் புலத்தில் படம் எடுக்கும் கருவிக்குள் படுக்க வைத்து, பாதத்தில் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். வலியின்போது பெரியவர் மூளையில் 20 பகுதிகள் செயல்பட்டன. குழந்தை மூளையில் அவற்றுள் 18. அளவு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதையும் இன்னொரு சோதனை கற்பித்தது. ஊசிக்குச் சற்று முன் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் விட்டால் குழந்தையின் அழுகை குறைகிறது. ஆனால் 2010-இல் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபோது அவை குறையவில்லை! முகம் சொல்வதும் மூளை சொல்வதும் ஒன்றாக இல்லை. (இதைப் படித்துவிட்டு வீட்டில் சேனை வைக்கக் கிளம்பி விடாதீர்கள். பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும்.)

சிறிது வளர்ந்த பிள்ளைகளின் வலியை அளக்க 1980-களில் அமெரிக்காவின் டல்சா நகரில், தீக்காயப் பிரிவில் பணியாற்றிய டோனா வாங், கோனி பேக்கர் இருவரும் ஒரு வழி கண்டார்கள். ஆறு முகங்களின் வரிசை. முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் விடும். ‘உன் வலி எந்த முகம்?’ என்று கேட்டால் மூன்று வயதுப் பிள்ளை கூடத் தொட்டுக் காட்டும். அந்த முகங்களைப் பிள்ளைகளை வரையச் சொல்லியே உருவாக்கினார்கள்.

இயற்பியல் மாணவர்கள் சுவைக்கக் கூடிய ஒரு செய்தி. லிடோகெய்ன், பிரைலோகெய்ன் இரண்டும் மரத்துப் போகச் செய்யும் மருந்துகள். இரண்டும் படிகத் திண்மங்கள். முதலாவது சுமார் 68 டிகிரி சென்டிகிரேடில் உருகும். இரண்டாவது சுமார் 38 டிகிரியில். சம அளவில் கலந்தால் கலவை 18 டிகிரியிலேயே உருகி எண்ணெய் போல் ஆகிவிடுகிறது! ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு, தனி ஈயத்தையும் தனி வெள்ளீயத்தையும் விடக் குறைந்த வெப்பத்தில் உருகுகிறதே, அதே விதி. இந்தக் கலவையை 1980-களில் சுவீடனில் களிம்பாக்கினார்கள். தோலில் தடவி ஒரு மணி நேரம் கழித்துக் குத்தினால் ஊசி உறைக்காது. நூறு பேர் காத்திருக்கும் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமே. செலவில்லாத வழிகளும் உண்டு. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னவை இவை: ஊசி போடும்போது தாய் பாலூட்டிக் கொண்டிருக்கலாம், குழந்தையைப் படுக்க வைத்து அமுக்காமல் மடியில் அணைத்துப் பிடிக்க வேண்டும், பல ஊசிகள் போடுவதாக இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். ‘அழுதால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று பிள்ளையை மிரட்டும் நம் பழக்கத்தைப் பற்றி அந்த அறிக்கையில் ஒன்றுமில்லை. அவர்கள் நம் வீடுகளைப் பார்த்ததில்லை போலும்.

ஊசியின் வலி ஒரு நிமிடம். புற்றுநோயின் வலி அப்படியல்ல. இங்கே நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. திருக்கோகர்ணத்தில் 1886-இல் பிறந்து, எதிர்ப்புகளுக்கிடையே மன்னர் கல்லூரியில் இடம் பெற்று, 1912-இல் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. தொடக்கத்தில் 12 படுக்கைகள். 1960-இல் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு அங்கே தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதலாவது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு எலும்பு மச்சையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் திரும்பத் திரும்ப ஊசியால் நீர் எடுக்க வேண்டும். நோய் முற்றினால் எலும்பு வலி. அந்த வலிக்கு மார்ஃபின் வேண்டும்.

மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினி, ஆனந்த் படித்த அதே மத்தியப் பிரதேசத்திலும், ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமத்தோடு விளைகிறது. வெளிநாடுகளின் வலியைத் தீர்க்கக் கப்பலேறியது. உள்நாட்டிலோ, 1985-இல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே நிறுத்தின. ஒரு சீசா மருந்துக்குப் பல துறைகளின் உரிமம். கணக்குப் பிசகினால் சிறை. சில நூறு கிலோவாக இருந்த நாட்டின் ஆண்டுப் பயன்பாடு 1997-இல் 20 கிலோவுக்கும் கீழே இறங்கியது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் அவர் தோழர்களும் வலி நிவாரணப் பிரிவு தொடங்கி, கேரளத்தில் வழியைத் திறந்தார்கள். நாடு முழுவதற்குமான சட்டத் திருத்தம் வர 2014 ஆயிற்று. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும்.

குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்டு 2019-இல் திரும்பப் பெற்ற வழிகாட்டி இப்படி வரையறுத்திருந்தது: வயதையும் எடையையும் பார்த்து, வலி வந்த பிறகு அல்ல, மணி தவறாமல், முடிந்தவரை வாய் வழியே.